கடலுக்கும் காய்ச்சல்!



2024-ஆம் ஆண்டில் உலகக் கடல் மட்டம் 0.59 செ.மீ. உயர்ந்தது என்று அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா அறிவித்தது. எதிர்பார்த்ததோ 0.43 செ.மீ. தான்!

"பனிப்பாறைகள் உருகிக் கடலில் கலந்திருக்கும் ஐயா" என்பீர்கள். அதுவும் ஒரு காரணமே. ஆனால் அந்த ஆண்டு உயர்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம், கடல்நீர் சூடாகி விரிந்ததுதான்.

நீர் எப்படி விரியும்?

காலை வழிபாட்டில் நெருங்கி வரிசையாக நிற்கிறீர்கள். அதே இடத்தில் எல்லோரும் கையைக் காலை ஆட்டிக் குதித்தால்? இடம் போதாது, வரிசை அகலும். ஆனால் யாரும் குண்டாகி விடவில்லை! நீரின் மூலக்கூறுகளும் அப்படித்தான். சூடேறினால் அவை பெரிதாவதில்லை. வேகமாக அசைந்து, சற்று விலகி நிற்கின்றன. குளிர்ந்தால் ஆட்டம் அடங்கி நெருங்கும். (தூய நீர் மட்டும் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் விரியும். அது தனிக்கதை!)

நிலக்கரி, பெட்ரோல் புகையால் பூமியில் தங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது. கீழே தரை, சுற்றிலும் கரை. விரிந்த நீர் மேலே ஏறத்தானே வேண்டும்?

அரை சென்டிமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். 1993 முதல் 2024 வரை கடல் மட்டம் சுமார் 10 செ.மீ. ஏறிவிட்டது. பசிபிக் கடலில் உள்ள துவாலு நாட்டில் சுமார் 11 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். அதன் நிலம் சராசரியாகக் கடலுக்கு மேல் 2 மீட்டர் உயரம்தான். ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேற வழி செய்யும் ஒப்பந்தம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. பிறந்த மண்ணை விட்டுப் போவது எளிதா?

டம்ளர் பால் விரைவில் ஆறிவிடும். அண்டாப் பால் ஆற நேரமாகும். கடல் எவ்வளவு பெரிய அண்டா! அது ஆற நூற்றாண்டுகள் ஆகும். ஆகவே, மேலும் சூடேற்றாமல் இருப்பதே நம் முதல் வேலை.

செய்து பாருங்கள்: சிறு பாட்டிலில் வண்ண நீரை விளிம்பு வரை நிரப்புங்கள். மூடியில் துளையிட்டு, மெல்லிய உறிஞ்சுகுழலைச் செருகி, இடைவெளியைக் களிமண்ணால் அடையுங்கள். பெரியவர்கள் துணையோடு பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வையுங்கள். சற்று நேரத்தில் குழலில் நீர் ஏறும். கடலிலும் அதுவே நடக்கிறது!