வைக்கோலை விற்றுவிட்டு மண்ணுக்கு எதைக் கொடுப்பது?

தை பிறந்துவிட்டால் எங்கள் டெல்டா சாலைகளில் நெல் லாரிக்குப் போட்டியாக வைக்கோல் லாரி ஓடும். கதிர் அறுக்கும் மெஷின் வயலை விட்டு ஏறியதும், வைக்கோல் கட்டுற மெஷின் இறங்கிடுது. மறுநாள் பார்த்தால் வயல் துடைச்சு விட்ட மாதிரி கிடக்கும். இதில் ரசாயன விவசாயி வயல், இயற்கை விவசாயி வயல் என்ற வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. உப்பு உரத்தை நிறுத்திய நண்பர்கள்கூட வைக்கோலை முழுசா ஏத்தி அனுப்புறாங்க. இயற்கை வேளாண்மை என்று பேசுகிற நாம், முதலில் இதைப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஏக்கருக்கு 2 டன் நெல் விளைந்தால், ஏறக்குறைய அதே எடைக்கு வைக்கோலும் விளைகிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கிற சாம்பல் சத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 15 கிலோ. 2 டன் போனால் 30 கிலோ. கடையில் வாங்கும் பொட்டாஷ் கணக்கில் சொன்னால், ஒரு மூட்டைக்கும் மேலே. அந்த பொட்டாஷ் மூட்டையோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது! நம் வயலில் விளைந்ததை லாரியில் அனுப்பிவிட்டு, கப்பலில் வருவதற்குக் காத்திருக்கோம். கூடவே டன்னுக்கு 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் போகுது. பயிரைச் சாயாமல் நிறுத்துகிற சிலிக்காவும் போகுது.

இதைவிடப் பெரிய இழப்பு கரிமம். காய்ந்த வைக்கோலில் 100-க்கு 40 பங்கு அதுதான். மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று எழுதுவார்கள். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழ மண்ணின் எடை சுமார் 900 டன். அதில் கரிமம் 0.1 சதவீதம் கூடணும்னாலே 900 கிலோ கரிமம் மண்ணில் தங்கணும். போடுகிற வைக்கோலில் பெரும்பங்கு நுண்ணுயிர்களின் மூச்சாகக் காற்றில் போய்விடும். சிறு பங்குதான் மக்காகி மண்ணில் நிற்கும். ஆகவே இது ஒரு வருஷத்தில் முடிகிற வேலை இல்லை. வருஷா வருஷம் போட்டால்தான் அந்த எண் மெல்ல நகரும்.

"அந்தக் காலத்துலயும் வைக்கோல் வயலை விட்டுப் போச்சே" என்று சிலர் கேட்கலாம். போச்சு; ஆனா திரும்பி வந்துச்சு. களத்துமேட்டில் போராக நின்றது, மாடு தின்றது, சாணியாகி எருக்குழிக்குப் போனது, கோடையில் வண்டி கட்டி வயலுக்கே வந்தது. இன்றைக்கு வைக்கோல் வேறு மாவட்டத்து மாட்டுப் பண்ணைக்கும் காளான் கொட்டகைக்கும் போகிறது. அந்த எரு நம் வயலுக்கு வருவதில்லை.

ஜீவாமிர்தம் கொடுக்கிறோமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. நல்ல விஷயம், நானும் கொடுக்கிறேன். ஆனால் அது உறை மோர் மாதிரி. பால் இருந்தால்தானே உறை ஊத்தி தயிராக்க முடியும்? வெறும் பாத்திரத்தில் எத்தனை தடவை உறை ஊற்றினாலும் தயிர் வராது. மண்ணில் இருக்கிற உயிர்களுக்குப் பால் என்பது வைக்கோலும் தழையும் சருகும்தான்.

இதில் நடைமுறைச் சிக்கல் இருப்பதை மறுக்கவில்லை. சம்பா அறுவடைக்கு முன்னால் உளுந்து தெளித்த வயலில், மெஷின் வரிசையாகக் கொட்டுகிற வைக்கோல் முளைப்பை அமுக்கிவிடும். அங்கே வைக்கோலை உதறிப் பரப்ப ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் வரப்போரம் ஒதுக்கி, சாணிக் கரைசல் தெளித்து, கிளைரிசிடியா, எருக்கு போன்ற பச்சைத் தழையுடன் அடுக்கடுக்காகப் போடலாம். ஈரம் காயாமல் பார்த்து, இடையில் புரட்டிவிட்டால் ஆடிக்குள் எரு தயார். உளுந்து போடாத வயலில், கோடை மழை ஈரத்தில் வைக்கோலை மடக்கி உழுது, தக்கைப்பூண்டோ பலதானியமோ விதைத்து, பூக்கிற சமயத்தில் மீண்டும் மடக்கலாம். பச்சை வைக்கோலை உழுது உடனே தண்ணீர் கட்டி நடவு செய்வது மட்டும் கூடாது. மட்குவதற்காக நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, நாற்று மஞ்சளடிக்கும். மீத்தேனும் கிளம்பும்.

ஜப்பானின் சிகோகு தீவில் ஃபுகோகா, அறுத்த வைக்கோலை நறுக்காமல் அப்படியே அதே வயலில் பரப்பினார். அவருடைய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' நம்மில் பலர் வீட்டு அலமாரியில் இருக்கு. வைக்கோல் மட்டும் லாரியில போகுது.

கஷ்டமான கேள்வி குத்தகை விவசாயியுடையது. வாய்மொழியாக ஒரு வருஷக் குத்தகை. அடுத்த போகம் யார் கையில் நிலம் இருக்கும் என்றே தெரியாதவர், வைக்கோல் காசை விட்டுவிட்டு மண்ணை ஏன் வளர்க்கணும்? அறுவடை மெஷின் வாடகைக்கு அந்தக் காசுதான் ஆகுது. அவருக்கு உபதேசம் செய்ய எனக்கு மனசு வரவில்லை. நிலச் சொந்தக்காரர்களிடம்தான் பேச வேண்டும். குறைந்தது மூணு வருஷம் ஒரே ஆளிடம் நிலம் இருக்கட்டும். வைக்கோலை வயலில் விடுகிறவருக்குக் குத்தகை நெல்லில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும். வளர்வது அவர்கள் நிலம்தானே! இயற்கை அரிசி வாங்குகிற நம் கூட்டமைப்புகளும் விலை பேசும்போது விற்காத வைக்கோலின் மதிப்பைச் சேர்த்துப் பேசணும்.

மாடு வைத்திருப்பவர்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சாணி வயலுக்கு வந்தால் போதும். மற்றவர்கள் இந்தத் தையில் ஒரே ஒரு ஏக்கர் வைக்கோலையாவது நிறுத்திவையுங்க. இப்பவே அந்த மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்க. மூணு வருஷம் கழித்து மறுபடி கொடுத்து, இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. மிச்ச ஏக்கர்களை என்ன செய்வது என்று அப்புறம் முடிவெடுக்கலாம்.