கவுனியை மருந்தென்று விற்காதீர்கள்

போன மே மாதம் பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். அங்கே ஒரு ஓட்டலில் தாய்லாந்து மாம்பழச் சோறு சாப்பிட்டாளாம். தட்டு 380 ரூபாய். "தாத்தா, நீங்கதான் விவசாயி ஆச்சே, வீட்லயே செஞ்சு குடுங்க"ன்னு பிடிவாதம். கொட்டச்சேட்டில் என் நிலத்தில் காப்பி, மிளகு, பலாதான், நெல் கிடையாது. வீட்டில் இருந்த தூயமல்லியில் செய்து பார்த்தோம். தேங்காய்ப்பாலில் உதிரி உதிரியாய் மிதந்தது. பேத்தி எனக்காக இரண்டு வாய் சாப்பிட்டாள்.

அதற்கு ஒட்டும் அரிசி வேண்டும். அமைலோஸ் என்ற மாவுப்பொருள் அதில் அநேகமாக இருக்காது, அதனால்தான் ஒட்டுகிறது. நம்மிடம் அந்தக் குணம் உள்ளது கறுப்புக் கவுனி. பர்மாவுக்குத் தொழில் செய்யப் போன செட்டியார்கள் கொண்டுவந்தது என்பார்கள். தேங்காய்த்துருவல், சர்க்கரை, நெய் போட்ட கவுனியரிசி இல்லாமல் செட்டிநாட்டு விருந்து ஏது?

கவுனி கேட்டு டெல்டாவில் ஒரு நண்பருக்குப் போன் போட்டேன். "எவ்வளவு வேணும் சார்? ஆறு மூட்டை கிடக்கு, வண்டு விழுது" என்றார். "சுகருக்கு நல்லதுன்னு சொல்லித்தான் வித்தேன். ஒரு தடவை வாங்கினவங்க திரும்பி வரல."

வருவார்களா? மருந்தை யார் ஆசையாய் வாங்குவார்? கஞ்சி வைத்து நாலு நாள் குடிப்பார்கள், டப்பா அலமாரிக்குப் போய்விடும். ஐந்து மாதம் போலக் காத்திருந்து, சாயாமல் காப்பாற்றி அறுத்த நெல்லுக்கு இதுவா கதி?

அந்த அரிசியில் செய்தது இது. ஒரு டம்ளர் கவுனியை ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். வடித்து, துணியில் பரப்பி, இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம் வேகட்டும். நடுவில் ஒரு தரம் தண்ணீர் தெளித்துப் புரட்ட வேண்டும். குக்கரில் தண்ணீர் விட்டு வைத்தால் கூழாகும். முக்கால் டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பாலில் அரை டம்ளர் நாட்டுச்சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. சூடு ஏறினால் போதும், கொதித்தால் திரிந்துவிடும். சோறு ஆவி பறக்கும்போதே ஊற்றிக் கிளறி, மூடி அரை மணி விடுங்கள். குடித்துக்கொண்டுவிடும். மேலே உப்புப் போட்ட கெட்டிப்பால் கொஞ்சம், வறுத்த சிறுபருப்பு, பக்கத்தில் சேலத்து மல்கோவா அல்லது இமாம் பசந்த். உப்பை விட்டுவிடாதீர்கள், ருசியே அதில்தான். மாம்பழம் முடிந்தபின் எங்கள் மலைப் பலாச்சுளையோடு செய்தோம். வீட்டில் பலாவுக்கே ஓட்டு அதிகம்!

வங்கியில் இருந்தபோது கடன் கேட்டு வருகிறவரிடம் "சந்தை எங்கே?" என்று கேட்பது என் வழக்கம். இங்கே கணக்கு இதுதான்: கிலோ கவுனியில் இருபது தட்டு வரும். நண்பர் கேட்பது கிலோ 150 ரூபாய். தட்டுக்கு அரிசிச் செலவு ஏழரை ரூபாய். ஓட்டல் வாங்குவது 380. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழா மேடையில் மில்லி என்ற தாய்லாந்துப் பெண் பாடி முடித்து, ஒரு கிண்ணம் மாம்பழச் சோறு சாப்பிட்டுக் காட்டினார். அவர்கள் நாட்டில் அதற்கு ஆர்டர் குவிந்தது. மருத்துவ குணம் பற்றி அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அந்நிய நாட்டுப் பண்டத்தை நம்ம இயக்கம் பரப்பலாமா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். ஏற்காட்டுக் காப்பியே 1820களில் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் கொண்டுவந்து நட்டதுதான். அதைக் குடித்துக்கொண்டேதான் கேட்டார்கள்.

இதைச் சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்கும் சுகர் உண்டு. வீட்டம்மா இரண்டு ஸ்பூனோடு கிண்ணத்தைப் பிடுங்கிவிடுகிறார்.

தை அறுவடைக் கவுனி, மாம்பழம் வருகிற சித்திரைக்குள் விற்பனைக்குத் தயாராகிவிடும். நண்பர் இந்த வருஷம் அரைக்கிலோ பொட்டலம் போடுகிறார். உள்ளே வைக்கும் செய்முறைத் துண்டுச்சீட்டை என் மனைவி எழுதிக் கொடுத்துவிட்டார். சுகர் என்ற சொல் அதில் இல்லை.