குற்றம் சொல்லும் பெட்டி

"இதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மாமா" என்றான் என் மருமான்.

அவன் தூக்கிப் போடச் சொன்னது என் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரை அல்ல. அதற்குள் இருந்துகொண்டு அதை நடத்தி வைக்கும் லினக்ஸ் அமைப்பை. அவன் எஞ்சினீயருக்குப் படித்தவன், கைநிறையச் சம்பாதிக்கிறவன். நானோ கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகவே இந்த விஷயத்தில் அவன் சொல்வதுதான் சரி என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானம் செய்துவிட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்கு நான் தெரிவிக்கும் ஆட்சேபந்தான் இந்தக் கட்டுரை.

விவகாரம் இதுதான். எங்கள் தகப்பனார் பேசிய நாற்பது நிமிஷப் பேச்சு ஒன்று பழைய காஸெட்டில் இருந்தது. பேச்சு என்றால் மேடைப் பேச்சு அல்ல. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தம் சின்ன வயதுக் கதைகளை அவர் சொல்ல, யாரோ பதிவு செய்து வைத்தது. இடையிடையே காக்கை கத்துகிறது. அம்மா காப்பி கொண்டுவந்து வைக்கும் சத்தம் கேட்கிறது. நாடா இற்றுப்போவதற்குள் அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிட்டேன். கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அதை அனுப்ப வேண்டும். அக்காவுக்கு எழுபத்தொன்பது வயது. கைபேசியில் விரலால் தேய்ப்பது அவளுக்குப் பிடிபடவில்லை. அவளுக்குக் கைவந்த யந்திரம் ஒன்றே ஒன்றுதான்: பெரிய பொத்தான் வைத்த பழைய சி.டி. பிளேயர். ஆகவே பேச்சை சி.டி.யில்தான் எழுதியாக வேண்டும்.

மருமான் அந்த அக்காவின் பிள்ளை. முதலில் அவன்தான் தன் கம்ப்யூட்டரில் எழுதிப் பார்த்தான். அது லினக்ஸ் அல்ல. காசு கொடுத்து வாங்கிய, கண்ணுக்கு அழகான வேறோர் அமைப்பு. தட்டைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினான். கொஞ்ச நேரம் சுழன்றது. பிறகு, "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்று ஒரு வரி வந்தது. என்ன தவறு, எங்கே, யாரால் என்று ஒரு வார்த்தை கிடையாது. இன்னொரு தட்டைப் போட்டான். அதே வரி. மூன்றாவது தட்டும் வீணானதும், "இந்தக் காலத்தில் யார் சி.டி. எழுதுகிறார்கள்?" என்று எழுந்து போய்விட்டான்.

பிறகு நான் என் பெட்டியில் ஆரம்பித்தேன். மருமான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, என் சங்கடத்தைப் பார்க்கத் தயாரானான். அவனை நான் ஏமாற்றவில்லை. "அனுமதி மறுக்கப்பட்டது" என்றது என் பெட்டி. அப்போதுதான் அவன் அந்த வாசகத்தைச் சொன்னான்: தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஆனால் இரண்டு பெட்டிகளும் சொன்ன பதில்களைக் கவனியுங்கள். ஒன்று "ஏதோ" என்றது. மற்றொன்று "அனுமதி" என்றது. "ஏதோ" என்ற சொல்லை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்ய முடியும்? "அனுமதி" என்றால் மேலே கேள்வி கேட்கலாம். யாருக்கு அனுமதி இல்லை? எதைத் தொட? கேட்டேன். லினக்ஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் உடைமைக்காரர் உண்டு. அதைத் தொடக்கூடியவர்களின் குழு ஒன்றும் உண்டு. தட்டு எழுதும் டிரைவுக்கு உரிய குழுவின் பெயர், நான் வைத்திருக்கும் டெபியனில், "சிடிராம்". அந்தக் குழுவில் என் பெயர் இல்லை. காரணம், அந்தக் கணக்கைத் தொடங்கிய மகானுபாவன் சேர்க்க மறந்துவிட்டான். அந்த மகானுபாவன் நான்தான். சேர்த்தேன். மறுபடியும் அதே பதில். குழுவில் சேர்ந்தது ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால்தான் செல்லுபடியாகும் என்று தெரிந்துகொள்ள இன்னொரு கால் மணி ஆயிற்று. வெளியேறினேன், வந்தேன், எழுதியது. ஒரு தட்டுக்கூட வீணாகவில்லை.

என் டிரைவில் போட்டால் அப்பா பேசினார். தட்டைக் கும்பகோணத்துக்கு அனுப்பினேன். அக்கா டெலிபோனில் கூப்பிட்டு, "தட்டு சுத்தறதுடா, அப்பா பேசலை" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

தட்டு திரும்பி வந்தது. மருமான், "பார்த்தீர்களா?" என்றான். மறுபடி விசாரணை. தவறு இம்முறையும் என்னுடையதே. பின்னால் இன்னொரு பேச்சையும் அதிலே சேர்க்கலாம் என்று ஆசைப்பட்டு, தட்டை முடித்து மூடாமல் விடும்படி நானே கட்டளை கொடுத்திருந்தேன். தட்டின் உட்புறத்து ஓரத்தில், எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. மூடும்போதுதான் அது எழுதப்படுகிறது. எழுதும் டிரைவுக்கு அட்டவணை இல்லாவிட்டாலும் தன் தற்காலிகக் குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரியும். பாட்டுப் போடும் சாதாரண பிளேயருக்குத் தெரியாது. பொருளடக்கம் இல்லாத புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிற வாசகர் மாதிரி அது. தட்டை எறிய வேண்டியதில்லை. "மூடு" என்று ஒரே ஒரு கட்டளை. அதே தட்டு அடுத்த வாரம் கும்பகோணத்தில் பேசியது.

இப்போது மருமானுடைய வாதத்துக்கு வருகிறேன். "என் பெட்டியாயிருந்தால் தானாகவே மூடியிருக்கும். சாதாரண மனிதனுக்கு அட்டவணையும் குழுவும் எதற்கு? கார் ஓட்டுகிறவன் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறானா?" என்றான்.

எல்லாம் சரியாக நடக்கிறவரையில் இந்த வாதத்தில் பழுது இல்லை. ஆனால் கார் நடுரோட்டில் நின்றுவிட்டால்? பெட்ரோல் தீர்ந்ததா, டயர் பஞ்சரா என்று சொல்லும் முள்ளும் விளக்கும் வேண்டாமா? "ஏதோ கோளாறு" என்று ஒரே விளக்கை மட்டும் வைத்து, பானெட்டைப் பூட்டி, சாவியைத் தங்களிடமே வைத்துக்கொள்கிற கம்பெனியின் காரை மருமான் வாங்குவானா? வாங்க மாட்டான். கம்ப்யூட்டரை மட்டும் வாங்குகிறான். வாங்கிவிட்டு, பூட்டியிருப்பதை வசதி என்று புகழ்கிறான்.

நாம் ரயில்வே கைட் பார்க்கப் பழகினோம். பாங்குப் பாஸ்புத்தகத்தில் வரவு எது, பற்று எது என்று கற்றோம். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக்கூட மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். மேஜைமேல் இருக்கும் பெட்டியிடம் மட்டும் வாய் மூடிக் கை கட்டி நிற்பது என்று தீர்மானித்துவிட்டோம். இது அறியாமை அல்ல, சோம்பல். அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு லினக்ஸ் பண்டிதர்கள் எனக்கு மாலை போட வரவேண்டாம். அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு.

இந்தத் தட்டு எழுதும் கலையை லினக்ஸ்காரர்கள் எவ்வளவு காலம், எப்படியெல்லாம் கரடுமுரடாக வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். 1996 முதல் ஜெர்மனியைச் சேர்ந்த யோர்க் ஷில்லிங் என்பவர் சிடிரெக்கார்ட் என்ற நிரலை உருவாக்கி வளர்த்தார். டிரைவுகளின் குணம் அறிந்த மனிதர். ஆனால் அவர் நிரலில் டிரைவைப் பெயர் சொல்லி அழைப்பதை அவர் ஏற்கவில்லை. மூன்று எண்களைக் கோத்துச் சொல்ல வேண்டும். பழைய 2.4 கெர்னலில், சாதாரண ஐ.டி.இ. டிரைவை ஸ்கஸி டிரைவாக வேஷம் போடச் செய்தாலொழிய எழுதாது. அந்த வேஷத்துக்கான வாசகத்தைப் பெட்டி கண் விழிக்கும்போதே அதன் காதில் ஓத வேண்டும். 2.6 கெர்னல் வந்தபின் வேஷம் தேவைப்படவில்லை. ஆனால் 2004 ஆகஸ்டில் வெளிவந்த 2.6.8 பதிப்பில், டிரைவுக்கு அனுப்பும் கட்டளைகளைத் திடீரென்று வடிகட்ட ஆரம்பித்தார்கள். நேற்றுவரை தட்டு எழுதிய சாதாரணப் பயனர்கள் இன்று எழுத முடியவில்லை. காரணம் நியாயமானதுதான். தகாத கட்டளை ஒன்றால் டிரைவையே பாழாக்கிவிடலாம். அதைத் தடுக்க வேண்டும். ஆனால் கதவைப் பூட்டுகிறவர், உள்ளே யார் குளித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு குரல் கொடுத்துப் பார்க்கக் கூடாதா?

பிறகு 2006ஆம் ஆண்டுச் சண்டை. ஷில்லிங் தம் தொகுப்பின் பெரும்பகுதியை ஜி.பி.எல். உரிமத்திலிருந்து, ஸன் கம்பெனி வகுத்த சி.டி.டி.எல். உரிமத்துக்கு மாற்றினார். தொகுப்பின் ஒரு பகுதி ஜி.பி.எல்.லிலேயே இருந்தது. இரண்டையும் கலந்து விநியோகிக்கச் சட்டம் இடம் கொடாது என்றார்கள் டெபியன்காரர்கள். தாராளமாகக் கொடுக்கும் என்றார் ஷில்லிங். யாரும் இறங்கி வரவில்லை. டெபியன்காரர்கள் பழைய உரிமத்தில் இருந்த பிரதியிலிருந்து சிடிஆர்கிட் என்ற தனிக் கிளையைத் தொடங்கி, சிடிரெக்கார்டுக்கு வோடிம் என்று பெயர் சூட்டினார்கள். கிளை சில ஆண்டுகள் தழைத்துப் பிறகு வாடிப்போயிற்று. ஷில்லிங் 2021இல் காலமானார். அதுவரை தம் கட்சியை அவர் விடவில்லை.

உரிமத்துக்காகச் சண்டை போட்டதை நான் குறை சொல்லமாட்டேன். எழுதிப் பிழைக்கிறவனுக்கு உரிமையின் அருமை தெரியும். என் புகார் வேறு. எந்த நிரலில் கோளாறு, யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் கையில் தட்டோடு நின்றவனுக்கு, இரு தரப்பாரும் எதிர்த்தரப்பின் குற்றப்பத்திரிகையைத்தான் படித்துக் காட்டினார்கள். தட்டை வாங்கிப் பார்க்க ஆள் இல்லை. சந்தேகம் கேட்டால், "கையேட்டைப் படி" என்று சீறும் வழக்கம் வேறு. கையேட்டைப் படிக்கத்தான் செய்கிறோம், ஐயா! அதைப் படிக்கிறவன் மனிதன் என்ற நினைப்போடு எழுதுங்கள். "அனுமதி மறுக்கப்பட்டது" என்பதோடு, "சிடிராம் குழுவில் உங்கள் பெயர் இல்லை" என்று இன்னும் ஒரு வரி சேர்த்தால் குடியா முழுகிவிடும்? பெட்டிக்குத் தெரியாத விஷயமா அது? அந்த வரி தமிழிலும் வரட்டும். லினக்ஸின் திரைகளையும் பட்டியல்களையும் தமிழர்கள் பலர் சம்பளமின்றி மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தட்டு எழுதும் நிரல் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். உயிர் போகிற சமயத்தில் மட்டும் அந்நிய பாஷையில் பேசுகிற வைத்தியரை என்ன சொல்வது?

இவ்வளவும் சொன்ன பிறகும் நான் லினக்ஸை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பீர்கள். அந்தச் சண்டையே அதற்குப் பதில். ஷில்லிங்குக்கும் டெபியனுக்கும் பிணக்கு வந்தபோது நிரலின் மூலம் எல்லோர் கையிலும் இருந்தது. கிளை பிரிக்க முடிந்தது. கிளை வாடியபோது, தாமஸ் ஷ்மிட் என்பவரும் அவர் கூட்டாளிகளும் லிப்பர்ன் என்ற பெயரில் வேறு நிரலை வளர்த்தார்கள். பழைய கட்டளைகளையே ஏற்றுக்கொள்ளும் சிடிஆர்ஸ்கின் அதிலிருந்து வந்தது. ஒருவர் கோபித்துக்கொண்டார், ஒருவர் சலித்துவிட்டார், ஒருவர் மறைந்துவிட்டார் என்பதால் என் தகப்பனாரின் குரல் நின்றுவிடவில்லை. மருமானுடைய அமைப்பை விற்கும் கம்பெனி, தட்டு எழுதும் வசதி இனி வேண்டாம் என்று நாளைக்கு ஒரு தீர்மானம் செய்தால், அவன் யாரிடம் போய் எதைப் பிரித்துக்கொண்டு வருவான்?

இன்றைக்கு சி.டி. போய்க்கொண்டிருக்கிற பொருள் என்பது எனக்கும் தெரியும். புது மடிக்கணினிகளில் டிரைவே வைப்பதில்லை. தட்டின் மேற்பூச்சுச் சாயமும் அமரத்துவம் பெற்றதல்ல. ஆகவே அப்பாவின் பேச்சு வேறு இரண்டு இடங்களிலும் பத்திரமாக இருக்கிறது. தட்டுக்காக நான் வாதாடவில்லை. நாளைக்கு வரப்போகிற எந்தப் பெட்டியிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தப்பு நேர்ந்தால் என்னிடம் உண்மையைச் சொல்வாயா? சொல்லாத பெட்டி எவ்வளவு அழகாயிருந்தாலும் நம் வீட்டுக்கு வேண்டாம். சொல்கிற பெட்டி கொஞ்சம் முரடாயிருந்தாலும் பாதகமில்லை. பேசப் பேசப் பழகிவிடும்.

போன வாரம் மருமான் டெலிபோனில் கூப்பிட்டான். "மாமா, அம்மா அந்தத் தட்டைத் தினமும் போட்டுத் தேய்க்கிறாள். இன்னொன்று எழுதி வைத்தால் தேவலை. அந்தக் கட்டளை என்ன சொன்னீர்கள்?" என்றான்.

"எதற்கடா? உன் பெட்டியிலே பொத்தான் இருக்கிறதே!" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பேப்பரில் எழுதி அனுப்புங்கள்" என்றான்.

அனுப்பியிருக்கிறேன். குழுவில் பெயரைச் சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி வரவேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. பெட்டி சொல்லும், கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.