தடியும் பதிவேடும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். முத்துக்குப் புகழ்பெற்ற கொற்கை நம் தூத்துக்குடி மாவட்டத்து ஊர். அந்தச் சிலம்பின் பொருட்டுக் கோவலன் மாண்டது எப்படி? பொற்கொல்லன் சொல்லை மன்னன் நம்பினான், தீர விசாரிக்கவில்லை, காவலன் ஒருவன் வாளை ஓங்கினான். ஆனால் கண்ணகி வழக்குரைத்தபோது மன்னன் தன் பிழையைத் தானே ஏற்றான். ஆள்வோரும் சாட்சியத்திற்குக் கட்டுப்பட்டவரே என்பது சிலப்பதிகாரம் தந்த பாடம். அந்தப் பாடம் நம் மாவட்டத்தில் இன்று எந்த நிலையில் இருக்கிறது?

2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கித் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டது. 13 உயிர்கள் பலியாயின. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறை வரம்பு மீறியதாகக் கூறிய அவ்வறிக்கை, காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது.

“கல்லெறிந்தால், தீ வைத்தால், காவலர் கைகட்டி நிற்பதா?” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். கூட்டத்தைக் கலைக்கப் பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முதலில் எச்சரிக்கை, பிறகு படிப்படியான நடவடிக்கை என வரம்பும் வகுத்திருக்கிறது. வரம்பை மீறிய பலம் காவல் ஆகாது.

கூட்டமோ கல்லோ இல்லாத இடத்தில் நடந்ததற்கு என்ன சமாதானம் சொல்வது? 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 22ஆம் தேதி இரவு மகனும், மறுநாள் காலை தந்தையும் இறந்தனர்.

கைதானவரை என்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே டி.கே.பாசு வழக்கில் வரையறுத்துவிட்டது. கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் எழுத வேண்டும். சாட்சி கையொப்பமிட வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். விதிக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாத்தான்குளம் நிலையத்தின் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பியூரெட் காட்டும் அளவை அந்தக் கணமே குறிப்பேட்டில் எழுத வேண்டும். விடைக்கு ஏற்றபடி அளவைத் திருத்தினால் அது சோதனையே அல்ல. காவல் நிலையப் பதிவேடும் அப்படித்தான். தடியைக் கட்டுப்படுத்துவது பதிவேடு. பதிவேட்டைக் காப்பது அதில் எழுதுபவரின் மனச்சாட்சி.

அந்த மனச்சாட்சி அங்கே அடியோடு செத்துவிடவில்லை. அதே நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதை நடுவரிடம் சொன்னார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மத்தியப் புலனாய்வுத் துறை காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டியது. சீருடைக்குள்ளிருந்து எழுந்த ஒரு குரலுக்கு எத்தனை வலிமை!

நண்பர்களே, இது நமக்கு அயலார் கதையன்று. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான். உப்பளத்தில் உழைக்கும் எங்கள் தெருவினர், பொருள் களவு போனால்கூடக் காவல் நிலையம் செல்ல அஞ்சுவர். வெருவந்த செய்யாமை என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். நம் வகுப்புத் தோழர்கள் பலர் காவலர் தேர்வுக்குப் படிக்கிறார்கள். மாலையில் மைதானத்தில் ஓடிப் பழகுகிறார்கள். நாளை அவர்கள் கையில் தடியும் இருக்கும், பதிவேடும் இருக்கும்.

ஆணையங்கள் அமைவதும் வழக்குகள் நடப்பதும் உயிர் போன பிறகு. உயிர் போகுமுன் அதைக் காக்க வல்லவர், அன்றிரவு அங்கே பணியில் இருப்பவரே. தவறான ஆணைக்கு “முடியாது ஐயா” என்று சொல்லும் துணிவையும், நடந்ததை நடந்தபடி எழுதும் நேர்மையையும் எந்தத் தேர்வும் சோதிப்பதில்லை. அவற்றை இந்தக் கல்லூரியிலேயே நாம் கற்றுக்கொள்வோம்.