மில்களை மூடியது வேலைநிறுத்தமா?

மும்பைப் பஞ்சாலைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு தீர்ப்பு தயாராக வந்து விழும்: ‘1982 வேலைநிறுத்தம் மில்களை அழித்தது. பாழாய்க் கிடந்த நிலத்தை மால்களும் அலுவலகங்களும் மீட்டன. அதில் எல்லோருக்கும் நன்மை.’ இதில் ஒரு பகுதிகூட நிற்காது.

வேலைநிறுத்தம்தான் காரணமா? 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோதே மில்கள் நலிந்திருந்தன. பல முதலாளிகள் லாபத்தைப் புதிய இயந்திரங்களில் போடவில்லை. மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டியின் விசைத்தறிகள் குறைந்த கூலிக்கு நெய்து சந்தையைப் பிடித்திருந்தன. போராட்டம் தொழிலாளர்களை நொறுக்கியது உண்மைதான். மில்களுக்கு அதுவே முடிவாகிவிடவில்லை. 1983இல் 13 மில்களின் நிர்வாகத்தை மத்திய அரசு ஏற்றது. பல மில்கள் அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடின. நூலைவிட நிலத்துக்கு விலை அதிகம் என்றான பிறகு, ஆலையை ஓட்டும் அக்கறை எங்கிருந்து வரும்?

நிலம் நியாயமாகப் பங்கிடப்பட்டதா? 1991 விதிப்படி மறுகட்டுமானத்துக்கு வரும் மில் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்காக மாநகராட்சிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதி உரிமையாளருக்கு. 2001இல் செய்த திருத்தம், கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டுமே பங்கிட்டால் போதும் என்றது. பூங்காவுக்கும் வீட்டுக்கும் வரவேண்டிய நிலம் பெருமளவு சுருங்கியது. 2006இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றது. சட்டப்படி செல்லும் என்பதால் அது நகருக்கு நியாயமாகிவிடாது.

எல்லோருக்கும் நன்மையா? மில்கள் இருந்த லோயர் பரேலில் அலுவலகங்கள் பெருகின. அருகிலுள்ள எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைபாலம் பழைய அகலத்திலேயே இருந்தது. 2017 செப்டம்பர் 29 அன்று அந்தப் பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் பற்றிய தீ 14 உயிர்களைக் குடித்தது. சாலையும் பாலமும் பாதுகாப்பும் இல்லாமல் கட்டடங்களை மட்டும் எழுப்புவது வளர்ச்சி ஆகாது.

‘தொழிலாளர்களுக்குத்தான் வீடு கொடுத்தாயிற்றே’ என்பார்கள். விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். குலுக்கலில் கிடைத்தது 225 சதுர அடி வீடு, அதுவும் சிலருக்கே. பலர் காத்திருந்தே மாண்டார்கள்.

பழைய ஆலைக்குப் புது வாழ்வு வேண்டும்தான். ஆனால் எஞ்சிய மில் நிலத்திலாவது, அங்கே உழைத்தவர்களின் குடும்பங்களுக்கு வீடும் நகருக்குத் திறந்தவெளியும் முதலில் ஒதுக்கப்பட வேண்டும். வணிகக் கட்டடங்கள் பிறகு வரட்டும்.