ராமமூர்த்தியை எங்கே விட்டீர்கள்?

கொஞ்ச நாளாகவே மனதில் அரித்துக்கொண்டிருக்கும் விஷயம். இன்று கொட்டிவிடுகிறேன். வாசகர்களில் பலர் என் வயதுக்காரர்கள், பாசமலரையும் பாவமன்னிப்பையும் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்கள். உங்களுக்குப் புரியும்.

"எம்.எஸ்.வி.யின் பொன்னான பாடல்கள்" என்று டிவியில் நிகழ்ச்சி வருகிறது. பாலும் பழமும், ஆலயமணி, கர்ணன், புதிய பறவை, காதலிக்க நேரமில்லை, எங்க வீட்டுப் பிள்ளை என்று பாட்டு பாட்டாகப் போடுகிறார்கள். தொகுப்பாளர் உருகுகிறார். வந்திருக்கும் பாடகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஒரு மணி நேரத்தில் ராமமூர்த்தி என்ற பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. இத்தனைக்கும் நான் மேலே சொன்ன ஆறு படங்களில் ஒன்றுகூட எம்.எஸ்.வி. தனியாக இசையமைத்தது கிடையாது. ஆறிலும் டைட்டில் கார்டு ஒன்றுதான்: விஸ்வநாதன் – ராமமூர்த்தி.

இது மறதி என்று நான் நினைக்கவில்லை. மறதியாக இருந்தால் சில நாள் விஸ்வநாதனை மறந்து ராமமூர்த்தியைச் சொல்லியிருப்பார்களே? எப்போதும் ஒரே ஆளா மறந்துபோவார்?

எங்கள் ஊர் மண்டபத்தில் சென்ற வருடம் ஒரு மெல்லிசைக் கச்சேரி. வாசலில் பெரிய பேனர், எம்.எஸ்.வி. படம் மட்டும். அன்று பாடிய 24 பாட்டில் 15 இரட்டையர் காலத்துப் பாட்டு. துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன், பழைய வங்கிப் பழக்கம். முடிந்ததும் ஏற்பாடு செய்த தம்பியிடம் போய்க் கேட்டேன்.

"சார், எம்.எஸ்.வி.ன்னா கூட்டம் வரும். ராமமூர்த்தின்னா யாருன்னு கேப்பாங்க."

"நீங்க சொல்லாட்டி அவங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"மெட்டெல்லாம் எம்.எஸ்.வி. போட்டதுதானே சார்? அவர் ஃபிடில்தானே வாசிச்சாரு? அதுவும் போக, பிரிஞ்சதுக்கு அப்புறம் யார் நின்னாங்க, யார் நிக்கலைன்னு ஊருக்கே தெரியுமே."

நல்ல பிள்ளைதான். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ராமமூர்த்தியை வெட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் மூன்று காரணங்களும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கின்றன. ஒன்று, ஜனங்களுக்குத் தெரியாது. இரண்டு, மெட்டு அவருடையது, ஃபிடில் இவருடையது. மூன்று, பிரிந்த பிறகு தோற்றவருக்கு என்ன பங்கு?

முதல் காரணத்துக்குப் பதில் அங்கேயே சொல்லிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் போகுமுன், இந்தக் கூட்டு எவ்வளவு பொருத்தமில்லாத கூட்டு என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ராமமூர்த்தி 1922-இல் பிறந்தவர், திருச்சிக்காரர். தாத்தா மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கர்நாடக உலகில் வயலினுக்குப் பெயர்போனவர். அப்பா கிருஷ்ணசாமிப் பிள்ளையும் வயலின்காரர். அதாவது வித்தை வீட்டுச் சொத்தாக வந்தது. விஸ்வநாதன் ஆறு வயது இளையவர், பாலக்காடு பக்கத்து எலப்புள்ளியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தவர். நீலகண்ட பாகவதரிடம் பாட்டு கற்றுக்கொண்டு, பிறகு ஜூபிடர் கம்பெனியில் எடுபிடிப் பையனாக உள்ளே நுழைந்து, ஹார்மோனியத்தைப் பிடித்து மேலே வந்தவர். ஒருவர் பரம்பரை, ஒருவர் சுயம்பு. இருவரும் சந்தித்த இடம் சி.ஆர்.சுப்பராமனின் குழு. ஒருவருக்கு வயலின், ஒருவருக்கு ஹார்மோனியம்.

1952-இல் சுப்பராமன் முப்பது வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தார். தேவதாஸ் உட்படச் சில படங்கள் பாதியில் நின்றன. அவற்றை முடித்துக் கொடுத்தவர்கள் இந்த இருவரும். அதே வருடம் என்.எஸ்.கிருஷ்ணன் 'பணம்' படத்தை இயக்கியபோது இருவரையும் ஜோடியாக இசையமைப்பாளர் ஆக்கினார். வடக்கே சங்கர் – ஜெய்கிஷன் கொடி பறந்துகொண்டிருந்த நேரம். தெற்கேயும் அப்படி ஒரு ஜோடி இருக்கட்டுமே என்று கலைவாணர் நினைத்தாராம். பெயரை எப்படிப் போடுவது என்ற பேச்சு வந்தபோது, வயதில் மூத்தவர் பின்னால் நின்று இளையவரைத் தாங்கட்டும் என்று அவரே வரிசையைச் சொன்னதாகவும் சொல்வார்கள். அதனால்தான் மூத்த ராமமூர்த்தி பின்னால், இளைய விஸ்வநாதன் முன்னால்.

இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தனக்கு முன்னால் தன்னைவிட ஆறு வயது சின்னவன் பெயர் வர, முப்பது வயது வித்வான் ஒருவர் சம்மதித்திருக்கிறார். பதின்மூன்று வருடம் அப்படியே நின்றிருக்கிறார். பின்னால் நின்று தாங்கியவரை, பின்னால்தானே நின்றார் என்று சொல்லி வெட்டுவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். மெட்டு ஒருவர், ஃபிடில் ஒருவர்.

விஸ்வநாதன் ஹார்மோனியத்தில் கை வைத்தால் மெட்டு ஊற்றுபோல வரும் என்பது ஊரறிந்தது. அதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஆனால் சினிமாப் பாட்டு என்பது பல்லவி மெட்டு மட்டும்தானா? முன்னிசை வேண்டும், சரணத்துக்கு நடுவே இடையிசை வேண்டும், பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் எந்த வாத்தியம் பேசுவது என்று தெரிய வேண்டும். வயலின் வரிசை எங்கே ஏறுவது, எங்கே அடங்குவது என்று ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். புதிய பறவையின் கடைசிக் கட்டப் பாட்டிலிருந்து அந்த வாத்தியப் பெருவெள்ளத்தை எடுத்துவிட்டு வெறும் மெட்டை முணுமுணுத்துப் பாருங்கள். பாட்டு இருக்கும், படம் இருக்காது. கர்ணனில் வடநாட்டு ராகங்களும் காதலிக்க நேரமில்லையில் மேல்நாட்டுத் தாளங்களும், ஒரே 1964-இல், ஒரே பெயரில் வந்தன. அதில் இது அவருடையது, அது இவருடையது என்று கத்தரி போட இன்று யாருக்குத் தகுதி இருக்கிறது?

நான் வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன். கூட்டு வியாபாரப் பத்திரங்கள் நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். 1932-ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டம் ஒரு அழகான விஷயம் சொல்கிறது. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், கூட்டாளிகளுக்கு லாபத்தில் சம பங்கு. யார் கல்லாவில் உட்கார்ந்தார், யார் கிடங்கில் மூட்டை எண்ணினார் என்று சட்டம் கேட்பதில்லை. கடையைக் கலைத்தால் கணக்குத் தீர்க்கும்போது 'குட்வில்' என்கிற நல்ல பெயரையும் சொத்தில் சேர்த்துத்தான் பங்கு போட வேண்டும். மளிகைக் கடைக்கே இந்த மரியாதை.

பாட்டுக்கென்று இருக்கும் காப்புரிமைச் சட்டம் இன்னும் தெளிவு. கூட்டுப் படைப்பு என்றால் என்ன என்று அதில் விளக்கம் இருக்கிறது. ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து தனியாகப் பிரித்துக் காட்ட முடியாதபடி இருவரோ பலரோ சேர்ந்து ஆக்கியது எதுவோ, அதுதான் கூட்டுப் படைப்பு. பிரிக்க முடியவில்லை என்பதுதான் கூட்டுக்கு அடையாளமே. நம் ஆட்களோ, பிரிக்க முடியாததால் மொத்தத்தையும் ஒருவர் கணக்கில் வரவு வைத்துவிடலாம் என்கிறார்கள். என் காலத்தில் ஒரு குமாஸ்தா இப்படி வரவு வைத்திருந்தால் சாயங்காலமே மெமோ வந்திருக்கும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு அதிகம் கசப்பது. பிரிந்த பிறகு யார் நின்றார்?

1965-இல் ஆயிரத்தில் ஒருவனோடு பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்ற வம்பு இங்கே வேண்டாம். பிரிந்த பின் விஸ்வநாதன் அன்பே வா, உலகம் சுற்றும் வாலிபன், அவள் ஒரு தொடர்கதை என்று எங்கேயோ போய்விட்டார். ராமமூர்த்திக்குக் கிடைத்தவை இருபதுக்குள்தான். தேன் மழை, சாது மிரண்டால், நான், மூன்றெழுத்து, தங்கச் சுரங்கம்... இவற்றின் பாட்டுகளைக் கேட்டவர்கள், சரக்கு இல்லாதவர் என்று அவரைச் சொல்ல மாட்டார்கள். சரி, விவாதத்துக்காக அவர் சந்தையில் தோற்றார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் 1961-இல் வந்த பாசமலருக்கு என்ன ஆகிவிட்டது?

அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து பதின்மூன்று வருடம் கடை நடத்துகிறார்கள். பிறகு பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். தம்பி கடை ஓகோவென்று ஓடுகிறது, அண்ணன் கடை மந்தம். அதற்காகப் பழைய கடையின் பில் புத்தகங்களை எடுத்து அண்ணன் கையெழுத்தை மட்டும் அழிப்பீர்களா? பின்னால் நடந்த வியாபாரம் முன்னால் நடந்த வியாபாரத்துக்குச் சாட்சி ஆகாது.

வடக்கே பாருங்கள். ஜெய்கிஷன் 1971-இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் சங்கர் தனியாகப் போட்ட பாட்டுக்கெல்லாம் சங்கர் – ஜெய்கிஷன் என்றே பெயர் போட்டுக்கொண்டார், தான் சாகும்வரை. லட்சுமிகாந்த் – பியாரேலால் ஜோடியில் பியாரேலால் வயலின்காரர். அவரை யாரும் ஃபிடில்காரர்தானே என்று தள்ளவில்லை. 2024-இல் அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தார்கள். அங்கே இறந்தவர் பெயரைக்கூடக் கூட்டாளி காப்பாற்றினார். இங்கே இருந்தவர் பெயரையே நாம் காப்பாற்றவில்லை. (பத்ம விருது நம் இருவரில் ஒருவருக்கும் வரவில்லை. அந்த அநியாயத்திலாவது சமத்துவம் இருந்தது!)

"போன மனிதருக்கு, பெயர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்து இசையமைப்பாளருக்குப் பாட்டின் மேல் உரிமை என்று பெரிதாக எதுவும் நிற்கவில்லை. கூலி கொடுத்து இசையமைக்கச் சொன்ன தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று சட்டத்தைத் திருத்தியது 2012-இல்தான். அடுத்த வருடம் ஏப்ரலில் ராமமூர்த்தி காலமாகிவிட்டார். ரேடியோ சம்பாதித்தது, இசைத்தட்டு விற்றவர்கள் சம்பாதித்தார்கள், கேசட், டிவி, செல்போன் ரிங்டோன் எல்லாம் சம்பாதித்தன. போட்டவருக்கு மிஞ்சியது பெயர் ஒன்றுதான். அந்த ஒன்றையும் உருவிக்கொண்டு, என்ன நஷ்டம் என்று கேட்கிறோம்.

இதில் விஸ்வநாதனுக்குப் பெருமை சேர்க்கிறோம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அபிமன்யு படத்தில் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் பெயரில் வந்த ஒரு பாட்டு, உண்மையில் அந்தக் கம்பெனியில் எடுபிடியாக இருந்த பையன் விஸ்வநாதன் போட்ட மெட்டு. ஜூபிடர் கோவையிலிருந்து சென்னைக்கு மாறும்போது நாயுடுவே முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, இந்தப் பையனை விட்டுவிடாதீர்கள் என்று அனுப்பிவைத்தாராம். அந்த நன்றியை விஸ்வநாதன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தன் பாட்டு இன்னொருவர் பெயரில் போவது என்ன என்று தெரிந்தவர் அவர். உரியவர் பெயரைச் சொல்வது எவ்வளவு பெரிய குணம் என்றும் தெரிந்தவர். அவர் பெயரை வைத்தே இன்னொருவர் பெயரை மறைப்பது அவருக்குச் செய்கிற மரியாதையா?

1963-இல் திருவல்லிக்கேணியில் விழா எடுத்துப் பட்டம் கொடுத்தார்களே, அது 'மெல்லிசை மன்னர்கள்'. பன்மை. சிவாஜி முன்னிலையில் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தது. அந்த 'கள்' எப்போது உதிர்ந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. 1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 2012-இல் முதலமைச்சர் ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் ஏற்றி, ஒரே பட்டத்தை, 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்று, இருவருக்கும் கொடுத்தார். முதலமைச்சரே சமமாகக் கொடுத்துவிட்டார். மண்டபத்துப் பேனர்காரருக்கு என்ன தயக்கம்?

நாம் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. 1952-இல் பணம் தொடங்கி 1965-இல் ஆயிரத்தில் ஒருவன் வரை, டைட்டில் கார்டில் இரண்டு பெயர் இருந்தால் வாயிலும் இரண்டு பெயர் வரட்டும். 1965 ஒன்றுதான் கொஞ்சம் குழப்பும். அந்த வருடத்து வெண்ணிற ஆடை இருவருடையது, கலங்கரை விளக்கம் விஸ்வநாதன் மட்டும். சந்தேகம் வந்தால் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தைப் பாருங்கள், எழுதியே இருக்கும்.

கச்சேரிக்குப் போனால் எழுந்து நின்று கேளுங்கள். நம் வயசுக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பேரப்பிள்ளைகள் செல்போனில் எம்.எஸ்.வி. ஹிட்ஸ் என்று போட்டால், "இன்னொருத்தரும் இருக்கார்டா கண்ணு" என்று சொல்லுங்கள். எங்கள் ஊர்த் தம்பி இந்த வருடமும் கச்சேரி வைக்கிறாராம். பேனரில் இரண்டாவது படத்துக்கு ஆகும் செலவை நான் தருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.