தனக்காக நடக்க ஒரு தெரு

கார்த்திகை பிறந்துவிட்டால் சென்னையில் மாலை 5.40க்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. தை மாதத்திலோ காலை 6.30 தாண்டித்தான் சூரியன் தலைகாட்டுகிறது. சித்திரை, வைகாசியில் சீக்கிரம் விடியும். ஆனால் 7 மணிக்கே வெயில் முதுகைச் சுடத் தொடங்கிவிடும். இந்த ஊரில் வேர்க்க வேர்க்க நடக்கவோ ஓடவோ நினைப்பவர்களுக்கு இருட்டை விட்டால் வேறு நேரம் கிடையாது. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானின் முழுத் தூர ஓட்டமே நேப்பியர் பாலத்தருகில் அதிகாலை 4 மணிக்குத்தான் கிளம்புகிறது. ஆகவே ‘இருட்டிய பிறகு வெளியே போகாதே’ என்று ஒரு பெண்ணிடம் சொன்னால், ‘நீ நடக்கவே வேண்டாம்’ என்று சொன்னதாகத்தான் அர்த்தம்.

விடியற்காலையில் போகலாமே என்பார்கள். அந்த நேரம் அவள் கையில் இல்லை. 2024-ல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். காலையில் அடுப்பைப் பற்ற வைத்தால், பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி அனுப்பி நிமிரும்போது வெயில் ஏறியிருக்கும். பிறகு வேலை, வேலை முடிந்தால் மறுபடி அடுப்பு. ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு கிடைக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் அவளுடையது.

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். சர்க்கரை நோய். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொன்ன அதே நோய்தான். தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் நடப்பது மொட்டை மாடியில். இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே சாக்கட்டியால் ஒரு பெரிய எட்டு வரைந்து வைத்திருக்கிறார். கேபிள் ஒயரைத் தாண்டி, துணிக்கொடிக்குக் குனிந்து, திருப்பத்துக்குத் திருப்பம் முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த எட்டைச் சுற்றி வருவார்.

“ரோட்டுல போய் நடக்கலாமேக்கா, காத்தாவது வரும்” என்றேன்.

“நல்லா சொன்னே போ. எட்டரை மணிக்குக் கேட்டைத் தாண்டினா வாட்ச்மேன்லேர்ந்து எல்லாரும் ‘எங்கம்மா கிளம்பிட்டீங்க’ன்னு கேக்கிறாங்க. சும்மா நடக்கன்னு சொன்னா ஒரு மாதிரி பாக்கிறாங்க. அன்னிக்கு ஒருத்தன் பைக்கை ஸ்லோ பண்ணி ‘டிராப் பண்ணவா’ங்கிறான். அம்பது வயசும்மா எனக்கு.”

துணிந்து தெருவில் இறங்கும் பெண்களைக் கவனித்துப் பாருங்கள். தாலிச் சரடு ரவிக்கைக்குள் ஊக்கு போட்டுச் செருகப்பட்டிருக்கும். பாட்டு ஒரு காதில் மட்டும். இன்னொரு காது பின்னால் வரும் வண்டிக்கு. ஆள் நெருங்கினால் போனைக் காதில் வைத்து, யாரும் இல்லாத மறுமுனையிடம் “வந்துட்டேன்பா, முனையிலதான் இருக்கேன்” என்று சத்தமாகப் பேசுவார்கள். இத்தனை ஏற்பாடும் பெண்ணின் பொறுப்பிலேயே விடப்பட்டிருக்கிறது. அசம்பாவிதம் நடந்தால் முதல் கேள்வியும் அவளிடம்தான்: அந்த நேரத்தில் அங்கே உனக்கு என்ன வேலை?

இருட்டுதான் ஆபத்து என்பதே முழு உண்மையல்ல. 2025 மார்ச் 25 அன்று சென்னையில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து நடந்த செயின் பறிப்புகள் நினைவிருக்கும். அவை நடந்தது நள்ளிரவில் அல்ல. காலை 6 மணிக்கு மேல். 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குக் கிளம்பிய ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டதும் விடிந்த பிறகுதான். இன்னொரு பக்கம், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்லி வருகின்றன. வெளியே போகாமல் இருந்தால் பத்திரம் என்ற வாக்குறுதியை எந்தக் கணக்கும் தரவில்லை.

இரவில் பெண்கள் நடக்க முடியாது என்பதும் உண்மையல்ல. பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்குப் போய்ப் பாருங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ராத்திரி முழுக்க லட்சக்கணக்கில் நடக்கிறார்கள்; அவர்களில் பெண்கள் எத்தனை பேர்! எமலிங்கத்தைத் தாண்டிப் பாதை ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் பாட்டிகள். பையைத் தலைக்கு வைத்து நடைபாதையிலேயே ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்து நடக்கும் அம்மாக்கள். வழிநெடுக விளக்கு, சுக்குக் காபி, அன்னதானம், போலீஸ். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னும் பின்னும் பெண்கள். அதே பாதையில் ஆளரவமற்ற வேறொரு நாளில், அதே நேரத்தில், அதே பெண் தனியாக நடக்கத் துணிவாளா?

காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுக்க அதிகாலை இருட்டில் கூடையோடு வரும் பெண்களையும், ஊர் தூங்கும்போது அண்ணா சாலையைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்களையும், இரவு ஷிப்ட் முடிந்து பேருந்துக்கு நிற்கும் செவிலியர்களையும் யாரும் ‘இந்த நேரத்தில் ஏன் வந்தாய்’ என்று கேட்பதில்லை. சாமிக்காக நடக்கலாம், சம்பளத்துக்காக நடக்கலாம். ஒரு பெண் தனக்காக நடக்கத்தான் நம் சமூகம் இடம் தரவில்லை. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ நூலின் மையமான வாதமும் இதுவே. பொதுவெளியில் நிற்கும் பெண் தனக்கு அங்கே ஏதோ காரியம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. காரியம் எதுவும் இல்லாமலும் அங்கே இருக்க அவளுக்கு உரிமை உண்டு என்கிறார்கள் அவர்கள்.

அரசுகளும் தடுக்கும் வழியைத்தான் முதலில் பிடிக்கின்றன. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, பெண்களுக்கு இரவுப் பணியை முடிந்தவரை தவிர்க்கச் சொன்னது மேற்கு வங்க அரசு. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. பாதுகாப்பு கொடுப்பது அரசின் கடமை, அதற்காகப் பெண்களை வேலையிலிருந்து விலக்க முடியாது என்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் சுட்டிக்காட்டினார். அரசு பின்வாங்கியது. மருத்துவமனைக்குப் பொருந்தும் இந்த நியாயம் தெருவுக்கும் பொருந்தும்.

தெருவைப் பத்திரமாக்குவது எது என்று கண்டுபிடிக்க ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. 2013-ல் தொடங்கப்பட்ட சேஃப்டிபின் செயலி ஓர் இடத்தை மதிப்பிடும்போது பார்ப்பவை எளிமையானவை: வெளிச்சம் இருக்கிறதா, நடைபாதை இருக்கிறதா, ஜன்னலோ கடையோ அந்த இடத்தைப் பார்த்தபடி இருக்கிறதா, ஆட்கள் இருக்கிறார்களா, அவர்களில் பெண்கள் உண்டா, பஸ் கிடைக்குமா.

நம் தெருக்களை இந்தக் கேள்விகளோடு நடந்து பார்த்தால் பதில் தெரியும். கம்பத்து விளக்கு தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியில் எரிகிறது. வெளிச்சமெல்லாம் இலைக்கு மேலே நிற்க, கீழே நடைபாதை கும்மிருட்டு. இருக்கும் நடைபாதையிலும் மின்வாரியப் பெட்டி, அதை ஒட்டி நிறுத்தப்பட்ட வேன். வேனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் பெண்கள் நடுரோட்டுக்கு இறங்குகிறார்கள். ராத்திரி 10 மணிக்கு டாஸ்மாக் கடை மூடுகிறது. குடித்தவர்கள் மொத்தமாகத் தெருவுக்கு வருகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ரோந்து ஜீப் வந்து டீக்கடையையும் இட்லிக் கடையையும் மூடச் சொல்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-லேயே அரசாணை போட்டது. ஆனால் தனியாக நடக்கும் பெண்ணுக்குத் துணை தெருமுனைச் சின்னக் கடைதான். பால் பாத்திரத்தின் முன்னால் நிற்கும் டீ மாஸ்டரும், பூக்கட்டிக்கொண்டே தெருவைப் பார்க்கும் அம்மாவும் அவளுக்குக் காவல். அவர்களை விரட்டிவிட்டுக் கேமரா மாட்டுவதால் பயனில்லை. நடந்ததைக் கேமரா பதிவு செய்யும். நடக்கும்போது குரல் கொடுக்காது.

ஆள் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நுங்கம்பாக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பெண்ணை ஒருவன் பின்தொடர்வதைக் கண்டால் நின்று “என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்பவர் வேண்டும். பல நேரங்களில் அந்த ஒரு கேள்வியிலேயே பின்தொடர்ந்தவன் நழுவிவிடுவான். பின்தொடர்வது விளையாட்டல்ல, குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவின்படி முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை. ஆபத்தில் 112, பெண்களுக்கான உதவிக்கு 181. இந்த எண்களைப் பெண்களைவிட டீக்கடைக்காரரும் ஆட்டோ ஸ்டாண்டும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். இருட்டில் உங்களுக்கு முன்னால் ஒரு பெண் தனியாக நடந்தால், எதிர்ப்பக்கம் மாறி நடங்கள். கடந்து போவதானால் தள்ளியே கடந்து போங்கள். வீட்டில் இருப்பவளிடம் ‘போகாதே’ என்பதற்குப் பதில் ராத்திரிப் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். அவள் சீக்கிரம் கிளம்பட்டும். தெருவில் இன்னும் நடமாட்டம் இருக்கும்போதே நடந்துவிட்டு வரட்டும். பெண்களுக்கும் ஒன்று: முடிந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு இறங்குங்கள். தெருவில் ஒரு பெண்ணைப் பார்த்தால்தான் இன்னொரு பெண்ணுக்குத் துணிச்சல் வரும்.

2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தை அரசு தொடங்கியது. நல்ல திட்டம். அந்தப் பாதையில் ராத்திரி 9 மணிக்கு ஒரு பெண் தனியாக நடக்க முடிகிறதா என்பதையும் சேர்த்தே அதை அளக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் எரியாத விளக்கைப் பற்றி மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். எரிந்தும் வெளிச்சம் தராத விளக்கைப் பற்றியும் சொல்லுங்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலரை ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உங்களோடு நடக்க அழையுங்கள். மரக்கிளையை வெட்ட வேண்டிய இடம், வேனை அகற்ற வேண்டிய இடம், கடை திறந்திருக்க வேண்டிய முனை எல்லாம் அவருக்கே தெரிந்துவிடும். அந்தச் சாலை பெண்களின் வரிப்பணத்திலும் போடப்பட்டதுதான். அதில் எந்த நேரத்தில் நடக்கிறாள் என்பதற்கு அவள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.